அமெரிக்கப் புறம்போக்கில் இரண்டு ராத்திரி!

'இலவசம்' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் தனி மரியாதை உண்டு. இலவச வேட்டி என்றால் வரிசை, இலவச மிக்ஸி என்றால் வரிசை, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்தால்கூட இரண்டு தடவை தலையை நீட்டுகிறவர்கள் நாம். ஆனால், வரிசையே இல்லாத ஓர் இலவசம் இந்த உலகத்தில் இருக்கிறது. "வாங்க, எங்க நிலத்துல பதினாலு நாள் தங்கிக்குங்க. வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது, பேர்கூடச் சொல்ல வேண்டாம்" என்கிறது ஓர் அரசாங்கம். எந்த அரசாங்கம்? கார் நிறுத்தினாலே காசு பிடுங்கும் அமெரிக்காவில்தான் சார், சத்தியமாக!

வரிசை இல்லாததற்குக் காரணமும் உண்டு. அங்கே தண்ணீர் கிடையாது. கரன்ட் கிடையாது. கக்கூஸ் கிடையாது. மரம் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் உங்கள் நிழலிலேயே நீங்கள் நின்றுகொள்ள வேண்டியதுதான்!

நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த ஊருக்குப் போனாலும் கோயில் குளம் பார்க்கிறேனோ இல்லையோ, "இந்த இடம் பட்டாவா, புறம்போக்கா?" என்று கேட்காமல் இருக்க வராது. மகளைப் பார்க்க ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரத்துக்குப் போயிருந்தபோதும் அதே புத்திதான். ஊரைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. வீடு இல்லை, வயல் இல்லை.

"இதெல்லாம் யாருது மாப்பிள்ளை?" என்றேன்.

"யாருதும் இல்லை மாமா. அதாவது, எல்லாருதும்தான். புறம்போக்குன்னு வெச்சுக்குங்களேன்!"

"நம்ம ஊரா இருந்தா ராத்திரியோட ராத்திரியா குடிசை போட்டு, காலையில கொடி நட்டு, மத்தியானத்துக்குள்ள ஒரு பிள்ளையாரையும் கொண்டுவந்து வெச்சிருப்பாங்க."

"இங்கயும் கூடாரம் போடலாம். பதினாலு நாள்ல பிடுங்கிட்டு நகர்ந்துடணும், அவ்வளவுதான். வர்றீங்களா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் சகதர்மிணியிடம் விஷயத்தை விளக்கும் பொறுப்பை மட்டும் சாமர்த்தியமாக மகளிடம் ஒப்படைத்துவிட்டேன்!

ஏழு தமிழ்நாடு!

அமெரிக்க மத்திய அரசில் நில நிர்வாகத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சுருக்கமாக பி.எல்.எம். என்கிறார்கள். 1946-ல் உண்டானது. இதன் கையில் இருக்கும் நிலம் சுமார் 24.5 கோடி ஏக்கர். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 3.2 கோடி ஏக்கர்தான். ஆக, ஏழு தமிழ்நாட்டை வரிசையாக வைத்தாலும் மிச்சம் இருக்கும். பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில். நெவாடா மாநிலத்தில் நூற்றுக்கு 80 பங்கு மத்திய அரசின் நிலம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நிலம் எப்படி மிஞ்சியது? 1862-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 160 ஏக்கர் எடுத்துக்கொள், ஐந்து வருஷம் குடியிருந்து உழுது காட்டு, உனக்கே சொந்தம். நஞ்சையை எல்லாம் ஆளாளுக்கு வளைத்துக்கொண்டார்கள். ஏர் இறங்காத, தண்ணீர் ஊறாத பூமியை 'வேண்டாம்' என்று விட்டுவிட்டுப் போனார்கள். யாரும் சீந்தாத அந்த மிச்சம்தான் இன்றைய பொது நிலம். 1976-ல் இன்னொரு சட்டம் வந்து, 'இனி பொதுவாக இதை விற்பதில்லை, அரசே வைத்துக் காப்பாற்றும்' என்று முடிவு கட்டியது.

இதில் மாடு மேய்க்கிறார்கள், சுரங்கம் தோண்டுகிறார்கள், வேட்டையாடுகிறார்கள். எதுவும் வேண்டாதவர்கள் கூடாரம் அடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கலாம். கழிப்பிடமும் குழாயும் உள்ள முகாம்களில் ராத்திரிக்கு இவ்வளவு என்று காசு கேட்பார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றுமே கேட்க மாட்டார்கள். அநேக இடங்களில் 28 நாளைக்குள் 14 நாள் வரை ஒரே இடத்தில் தங்கலாம் என்பது கணக்கு.

கடலுக்குப் போகாத தண்ணீர்

நாங்கள் போனது தென்கிழக்கு ஆரிகன் மாநிலத்தின் ஆல்வோர்ட் பாலைவனம். பாய்ஸியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். கடைசி நீட்டு முழுக்கக் கப்பி ரோடு. அது இருக்கும் ஹார்னி கவுன்டி, தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பரப்பு. ஜனத்தொகை? 2020 கணக்கெடுப்பில் 7,495 பேர்! நம் ஊரில் ஒரு சுமாரான தேர்த் திருவிழாவுக்கே இதைவிடக் கூட்டம் சேரும். நிலத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி மத்திய அரசுடையது.

பாலைவனம் என்றதும் மணல் மேடு, ஒட்டகம், ஈச்ச மரம் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். இது மேட்டுப் பாலைவனம். தரையே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 அடியில் இருக்கிறது. நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு, அவ்வளவுதான். மேற்குப் பக்கம் ஸ்டீன்ஸ் மலை சுவர் மாதிரி 9,733 அடிக்கு நிமிர்ந்து நிற்கிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகம் ஏற்கெனவே பல மலைகளில் இளைத்துப்போய், மீதி இருப்பதை இந்த மலையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று படித்தோமே, அதுவேதான். இங்கே வருஷத்துக்கு ஏழு அங்குலம் மழை பெய்தால் பெரிசு.

பெய்யும் கொஞ்சநஞ்சமும் கடலுக்குப் போவதில்லை. நாலாபுறமும் மேடு என்பதால் நடுவில் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பையும் களிமண்ணையும் விட்டுவிட்டுப் போகிறது. பனி யுகத்தில் பெரிய ஏரியாக இருந்த இடம். இன்று சுமார் 19 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று வெடித்த களிமண் தளம். மட்டப்பலகை வைத்துப் பார்த்த மாதிரி சமம். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு தரை எனக்கு வாய்த்ததில்லை. வாய்த்திருந்தால் மத்தியானத்துக்குள் அளந்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

இந்தச் சமதளத்துக்காகவே வேகப் பைத்தியங்கள் இங்கே வந்திருக்கிறார்கள். 1976-ல் கிட்டி ஓ'நீல் என்ற பெண்மணி, மூன்று சக்கர ராக்கெட் காரில் மணிக்கு 825 கிலோமீட்டர் வேகத்தில் இங்கே பறந்து பெண்களுக்கான உலக சாதனை செய்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே காது கேட்காமல் போனவர் அவர்! அந்தச் சாதனையை முறியடிக்க 2019-ல் வந்த ஜெஸ்ஸி கோம்ஸ், ஆகஸ்ட் 27-ம் தேதி இதே தரையில் விபத்தில் உயிரை விட்டார். அவர் எட்டிய 841 கிலோமீட்டர் வேகத்தை மறு வருஷம் கின்னஸ் அங்கீகரித்தது. பெண்ணின் பெயர் சாதனையில் ஏறியபோது பெண் இல்லை.

தண்ணீர்க் கணக்கு

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை கிளம்பினோம். நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயசுப் பேரன். காரில் ஏற்றிய சாமான்களைப் பார்த்து, "ரெண்டு நாளுக்கா, ரெண்டு வருஷத்துக்கா?" என்று மலைத்துப் போனாள் என் மனைவி.

மாப்பிள்ளை தண்ணீரில் ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறக்குறைய நாலு லிட்டர். ஐந்து பேருக்கு மூணு நாள் என்றால் அறுபது லிட்டர். 19 லிட்டர் கேன் நாலு ஏற்றினார். மீதிப் பதினாறு லிட்டர்? "வண்டி மாட்டிக்கிட்டா, மாமா."

"மெட்ராஸ்ல தண்ணி லாரிக்குக் குடம் தூக்கினது போதாதுன்னு, ஏழு கடல் தாண்டி வந்தும் குடம் தூக்க வெச்சுட்டீங்களே!" என்று என் மேல் பாய்ந்தாள் மனைவி. நான் என்ன செய்ய? மாமியார் மாப்பிள்ளையைத் திட்ட முடியாதே!

பெட்ரோல் டேங்க் நிறைய, நல்ல நிலையில் ஸ்டெப்னி, மண்வெட்டி, காற்றடிக்கும் பம்ப், காகிதத்தில் அச்சடித்த மேப். கடைசியாக மாப்பிள்ளை தன் சிநேகிதருக்கு போன் போட்டு, போகிற இடம், போகிற பாதை, ஞாயிறு ராத்திரி திரும்பும் நேரம் எல்லாம் சொன்னார். "திங்கள் காலையில என் போன் வரலேன்னா ஷெரீஃப் ஆபீஸுக்குச் சொல்லிடு."

இதென்ன, யுத்தத்துக்குப் போகிற மாதிரி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வழியில் அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். சிரிப்பு நின்றுபோயிற்று.

2011 மார்ச்சில் கனடாவிலிருந்து லாஸ் வேகஸுக்கு ஒரு தம்பதி வேனில் கிளம்பினார்கள். ஜி.பி.எஸ். கருவி காட்டிய குறுக்குப் பாதையை நம்பி வடகிழக்கு நெவாடாவின் மலைக்காட்டில் திரும்பியிருக்கிறார்கள். சேற்றில் வேன் புதைந்துவிட்டது. கணவர் உதவி தேடி நடந்து போனார். மனைவி வேனிலேயே இருந்தார். கையிலிருந்த கொறிப்புத் தீனியையும் உருகிய பனித் தண்ணீரையும் வைத்துக்கொண்டு 49 நாள்! அந்தப் பக்கம் வேட்டைக்காரர்கள் வந்ததால் பிழைத்தார். கணவரின் உடல் மறு வருஷம்தான் கிடைத்தது.

"அதுக்குத்தான் மாமா... மாட்டிக்கிட்டா வண்டியை விட்டு நடக்கக் கூடாது. ஆளைத் தேடறது கஷ்டம், வண்டியைத் தேடறது சுலபம்" என்றார் மாப்பிள்ளை. கடைசிச் சின்ன ஊரைத் தாண்டியதும் செல்போனில் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, 'நோ சர்வீஸ்' என்று வந்தது. காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மூணு சங்கிலி தூரம்

(சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.)

கூடாரம் அடித்தாயிற்று. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் சாப்பிட்டாயிற்று. பிறகு வரவேண்டிய கேள்வி வந்தது. "எங்கடி போறது?" என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டாள் என் மனைவி.

சட்டதிட்டம் இருக்கிறது. மண் உள்ள இடமென்றால், கூடாரத்திலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் 200 அடி தள்ளிப் போக வேண்டும். ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, காரியம் முடிந்ததும் மூடிவிட வேண்டும். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 200 அடி என்றால் எங்கள் பாஷையில் மூணு சங்கிலி, இரண்டு அடி குறையும். ஆனால் இந்த வெள்ளைக் களிமண் தளத்தில் புதைப்பதும் சரியில்லை. மக்க வைக்க ஈரமும் இல்லை, புழு பூச்சியும் இல்லை. அதனால் எல்லாவற்றையுமே, ஆமாம், எல்லாவற்றையுமே, பொடி போட்ட ஒரு தடித்த பையில் கட்டி ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

என் மனைவி இதைக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். "ஏண்டி, அமெரிக்கா அமெரிக்கான்னு இதுக்கா உன்னை இன்ஜினீயருக்குக் கட்டிக் குடுத்தோம்?"

மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத சமவெளியில், குடையை விரித்துக்கொண்டு அவள் நடந்துபோன கம்பீரத்தைப் பற்றி மேற்கொண்டு எழுதினால் எனக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

குப்பைக்கும் இதே கதைதான். எலுமிச்சைத் தோல், டீத்தூள் எல்லாமே பைக்குள். விறகு எரிப்பதில்லை என்று முன்பே முடிவு. கோடையிலும் கோடை முடிவிலும் நெருப்புக்கு அடிக்கடி தடை போடுகிறார்கள். சுற்றிலும் சேஜ் பிரஷ் என்ற சாம்பல் நிறப் புதர்க்காடு. அதற்கு நடுவில் 'சீட் கிராஸ்' என்ற வந்தேறிப் புல் சீக்கிரமே காய்ந்து, ஒரு பொறி பட்டால் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்கிறது. 2024-ல் ஆரிகனில் காட்டுத்தீயில் கருகியது சுமார் 19 லட்சம் ஏக்கர். அந்த மாநிலத்திலேயே அதுவரை காணாத அளவு. எங்களுக்கு கேஸ் அடுப்புதான்.

சனி பகவான் தரிசனம்

மறுநாள் சனிக்கிழமை. பகலில் வெயில் பொசுக்கியது. பாய் கட்டிய மூன்று சக்கர வண்டியில் ஒருவர் காற்றின் தயவில் சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தார். பேரன் அதைத் துரத்திக்கொண்டே அரை மைல் ஓடிவிட்டான். ஓடினால் என்ன? அரை மைல் தள்ளியும் தெரிகிறான்!

பொழுது சாய்ந்ததும் ஸ்விட்ச் போட்ட மாதிரி குளிர் இறங்கியது. காற்றில் ஈரமில்லை, மேலே மேகப் போர்வையில்லை. பகல் சூடு அத்தனையும் நேரே ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. ராத்திரி காரின் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டியது. ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, அதன் மேல் மப்ளர் என்று நான் மூட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மகாளய அமாவாசை. நிலா இல்லை. சுற்றுவட்டாரத்தில் விளக்கு இல்லை. பால்வெளியைப் பாட்டி சொன்ன கதையில்தான் கேட்டிருக்கிறேன், 'ஆகாச கங்கை' என்பாள். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நுரைத்துக்கொண்டு ஓடுவதை அறுபத்து ஆறாவது வயசில் பார்த்தேன். ஓர் ஓநாய் ஜாதி எங்கோ ஊளையிட்டது. கயோட்டி என்று பெயராம். அது நின்றதும் கேட்ட நிசப்தம் இருக்கிறதே, என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தமே எனக்குக் கேட்டது.

கிழக்கே பொன் நிறத்தில் ஒன்று நிலையாக எரிந்தது. "அதுதான் சாட்டர்ன். இந்த வருஷத்துலயே இன்னிக்கும் நாளைக்கும்தான் பூமிக்கு ரொம்பப் பக்கம்" என்றார் மாப்பிள்ளை.

"சாட்டர்ன்னா?"

"சனி, அத்தை."

என் மனைவி எழுந்தே விட்டாள். "சனிக்கிழமை... விடிஞ்சா அமாவாசை... சனி பகவான் வேற ரொம்பக் கிட்டயா? நல்ல நாள் பார்த்தீங்க!" சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் கால் மணி நேரம் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள்

எங்களுக்கு ஒரு மைல் தள்ளி ஒரு பழைய வேன் நின்றது. சாயங்காலமே அதிலிருந்து ஓர் அம்மாள் சைக்கிளில் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். எழுபதைத் தாண்டிய வயசு. ரிட்டயர் ஆனபின் வீட்டு வாடகை கட்டி மாளவில்லை, வேனே வீடு என்றாகிவிட்டதாம். பதினாலு நாள் ஓரிடம், பிறகு வேறிடம். குளிர் வந்தால் அரிசோனா பக்கம். இப்படி வண்டியிலேயே காலத்தைத் தள்ளும் முதியவர்களைப் பற்றித்தான் 'நோமட்லேண்ட்' என்று ஒரு படம் எடுத்தார்கள். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான்.

எங்களுக்குப் பொழுதுபோக்கு. அந்த அம்மாளுக்கு இதுதான் விலாசம்.

ராத்திரி பத்தரை இருக்கும். மலை உச்சியில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன. டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே வந்தது. அதே அம்மாள். வந்ததும் வராததுமாக, "மலைக்கு மேலே மேகம் கட்டுகிறது. வண்டியை இப்போதே கரைக்கு எடுத்துவிடுங்கள். பெய்த பிறகு எடுக்க முடியாது" என்றார்.

காய்ந்தால் சிமென்ட் மாதிரி இருக்கும் இந்தக் களிமண், நனைந்தால் இட்லி மாவு. கார் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். அதுவாகக் காய்கிற வரை தவம் கிடக்க வேண்டியதுதான். இழுக்க ஆள் கூப்பிட்டால், அதுவும் கிடைத்தால், சொத்தை எழுதி வைக்க வேண்டும்.

இருபது நிமிஷம். கூடாரத்தைச் சுருட்டக்கூட இல்லை, அப்படியே வாரிக் காரில் திணித்தோம். தூங்கும் பேரனை நான் தோளில் போட்டுக்கொண்டேன். ஒரு காகிதத் துண்டு விடாமல் டார்ச் அடித்துப் பொறுக்கினாள் என் மகள். அம்மாளின் வேன் முன்னால், எங்கள் கார் பின்னால். கரையேறிக் கப்பி ரோட்டோரம் நிறுத்தியபோது கண்ணாடியில் நாலு தூறல் விழுந்தது. அந்த நாலோடு சரி. மழை வரவில்லை.

"இதுக்கா இவ்வளவு கலாட்டா?" என்றாள் மனைவி, காரில் உட்கார்ந்தபடியே குளிரில் பல் கிட்டிக்க.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை, முன்பின் தெரியாத எங்களுக்காக அந்த இருட்டில் ஒரு மைல் நடந்து வந்திருக்கிறார். அங்கே போலீஸ் இல்லை, வாட்ச்மேன் இல்லை. இருக்கிற ஒரே காவல் இதுதான்.

எள்ளையும் எண்ணணும்!

காலையில் அமாவாசைத் தர்ப்பணம். என் மனைவி எதை மறந்தாலும் எள் டப்பாவை மறக்க மாட்டாள். என் பங்குத் தண்ணீரில் ஒரு டம்ளர் பித்ருக்களுக்கு என்று ஒதுக்கினேன். தட்டை வைத்து, ரோட்டோரம் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பேரன் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தான்.

"தாத்தா, ஃபுட் எதையும் கீழே போடக் கூடாதுன்னு ரூல் இருக்கே?"

"தட்டுலதாண்டா விட்டேன்."

"நாலு வெளியில விழுந்திருக்கு."

ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டான். முன்னோர்கள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் இப்படி ஒரு பேரன் இருந்தால் சந்தோஷம்தானே!

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தரையில் பித்தளைத் தொப்பி போட்ட ஒரு குழாய் பதித்திருப்பதைக் கண்டுபிடித்தேன். சர்வே குறி! எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம். 1785 முதல் அமெரிக்காவை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாகவும் பிரித்து அளந்திருக்கிறார்கள். எந்தச் சங்கிலியால்? நம் ஊரில் நாங்கள் பிடித்த அதே 66 அடி கன்டர் சங்கிலி!

ஆனால் சங்கிலி பிடித்து அளக்கும் முன் இது யாருடையது? வடக்கு பையூட் என்னும் பழங்குடி மக்களுடையது. 1872-ல் அவர்களுக்கென்று மால்ஹியூர் ரிசர்வேஷன் என இந்த வட்டாரத்தில் பெரும் நிலத்தை ஒதுக்கினார்கள். 1878-ல் ஒரு சண்டை மூண்டது. அடுத்த ஜனவரியில், கொட்டும் பனியில், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 350 மைல் தள்ளி வாஷிங்டன் பிரதேசத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஒதுக்கிய நிலம் திரும்ப அரசுக் கணக்கில் ஏறிவிட்டது. அவர்களில் திரும்பி வந்தவர்களின் சந்ததியார் இன்று பர்ன்ஸ் என்ற ஊரை ஒட்டி ஒரு சின்ன ரிசர்வேஷனில் இருக்கிறார்கள். 'யாருதும் இல்லை, எல்லாருதும்' என்று மாப்பிள்ளை சொன்னதில் இந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

2016 ஜனவரியில் இதே கவுன்டியில் இன்னொரு கூத்து. மால்ஹியூர் பறவைகள் சரணாலயத்தின் ஆபீஸைத் துப்பாக்கியோடு ஒரு கும்பல் பிடித்துக்கொண்டு, 'மத்திய அரசு நிலத்தை விட்டு வெளியேறு' என்று 41 நாள் உட்கார்ந்திருந்தது. போலீஸ் சுட்டதில் அவர்களில் ஒருவர் இறந்தார். அப்போதும் பையூட் மக்கள், 'யாருடைய நிலத்தை யார் கேட்கிறீர்கள்?' என்ற கேள்வியைத்தான் எழுப்பினார்கள்.

விற்கப் பார்த்தார்கள்!

நாங்கள் போவதற்கு மூணு மாசம் முன்னால், 2025 ஜூனில், இன்னொரு பூகம்பம். மேற்கு மாநிலங்களில் 20 லட்சத்துக்கு மேல், 30 லட்சத்தையும் தாண்டும் அளவுக்குப் பொது நிலத்தை விற்றாக வேண்டும் என்று யூட்டா மாநிலத்தின் செனட்டர் மைக் லீ, பட்ஜெட் மசோதாவில் ஒரு ஷரத்தைச் சேர்த்தார். வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். வீட்டு வாடகை கட்ட முடியாமல் வேனில் குடியிருப்பவர்களைப் பார்த்த பிறகு, அதை வெறும் சாக்கு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் தண்ணீரும் ரோடும் இல்லாத இடத்தில் வீடு கட்டி யார் குடியிருப்பது?

எதிர்ப்பு கிளம்பியது பாருங்கள்! சுற்றுச்சூழல்காரர்கள் மட்டுமில்லை. வேட்டைக்காரர்கள், மீன் பிடிக்கிறவர்கள், ஐடஹோ, மொன்டானா மாநிலங்களின் ஆளுங்கட்சி செனட்டர்கள் எல்லோருமே 'முடியாது' என்றார்கள். கீரியும் பாம்பும் ஒரே பக்கம் நின்றன. ஜூன் 28-ம் தேதி ஷரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். இப்போதைக்கு ஆபத்து விலகியது. கேட்டவர்கள் நாளைக்கும் கேட்பார்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்? என் சர்வீஸில் எத்தனையோ மேய்ச்சல் புறம்போக்கை, மந்தைவெளியை, ஏரிக்கரையைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் இருக்கும், தரையில் இருக்காது. போய்ச் சங்கிலி பிடித்தால் நடுவில் ஒரு மாடி வீடு நிற்கும். பால்காரருடைய மாடு ரோட்டில் பாலிதீன் பை தின்னும். கேட்டால், "அதான் புறம்போக்குதானே சார்!" என்பார்கள். நம் ஊரில் 'புறம்போக்கு' ஒரு வசவு வார்த்தையாகவே ஆகிவிட்டது.

அந்த ஊரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. எனக்கும் பாத்தியதை உண்டு, அதனால் உனக்கு விற்க விட மாட்டேன் என்று அர்த்தம். அங்கே போய்ப் படுக்கிற ஒருத்தன், தன் கழிவைக்கூடப் பையில் கட்டித் திருப்பி எடுத்துவருகிறான். அடுத்து வருகிறவன் தனக்கு முன் யாருமே வராத மாதிரி நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

போகிறவர்களுக்கு...

உங்கள் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவின் மேற்குப் பக்கம் இருந்து, 'வாங்கப்பா, பாலைவனத்துக்குப் போகலாம்' என்றால் இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

• நிலம் பி.எல்.எம். நிலம்தானா, அங்கே தங்கலாமா என்று அந்த வட்டார ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். நடுநடுவே தனியார் நிலமும் உண்டு. நெருப்புத் தடை இருக்கிறதா என்றும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

• தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர். அதற்கு மேல் இரண்டு நாளைக்கு உபரி.

• எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடமாவது சொல்லாமல் கிளம்பாதீர்கள். செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதியுள்ள போன் இப்போது கிடைக்கிறது, இருந்தால் நல்லது.

• வண்டி மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நகராதீர்கள்.

• மேகம் கண்டால் களிமண் தளத்திலிருந்து உடனே கரையேறுங்கள்.

• வெந்நீர் ஊற்று கண்ணில் பட்டால் 'ஆஹா, குற்றாலம்!' என்று குதித்துவிடாதீர்கள். ஆல்வோர்ட் பக்கத்திலுள்ள மிக்கி ஊற்றுகளில் சில இடங்களில் தண்ணீர் கொதிக்கிறது. ஓரத்து மண்ணும் அப்பளம் மாதிரி மெல்லிசு.

• பகலில் வெயில் அடிக்கிறதே என்று கம்பளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

• மறக்காமல் ஒரு குடை. வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும். மற்றதற்கு என் மனைவியைக் கேளுங்கள்!